மலையேரியும் மாணாக்கரும்

கோடைக்கானல் ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் வாயில் உடனே வருவது மே மாதம் என்பதே. ஊரின் பெயரில் கோடை நிற்பதால், ஏனைய காலத்துக்கு அவ்வூர் ஆகாதென்று பலர் முடிவுகட்டி விட்டனர் போலும். சங்கச் செய்யுட்களில் கோடை என்பது ஒரு மலையின் பெயராகவும் வருகின்றது. அம்மலையே இம்மலை என்பாரும் உளர். அஃது எவ்வாறாயினும், ஆண்டு பன்னிரண்டு மாதமும் கண்டு களித்தற்குரிய ஓரிடத்தை இரண்டு மாதத்துக்குள் அடைத்து வைப்பது நமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

இவ்வேரி இயற்கையாய் அமைந்ததன்று. சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடையை மறித்துக் கரை கட்டி, 1863-ஆம் ஆண்டில் இதனை உண்டாக்கியவர் மதுரை ஜில்லாக் கலெக்டராயிருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு துரை. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், சுமார் 60 ஏக்கர் பரப்பில், நட்சத்திரம்போற் பல கைகளை விரித்துக் கிடக்கின்றது ஏரி. சுற்றி வருதற்குச் சுமார் 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். கைகள் வளைந்து வளைந்து செல்வதால் எவ்விடத்தில் நின்றாலும் முழுவதும் ஒருங்கே தோன்றாது. மோட்டாரில் அமர்ந்து கால்மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவார் கண்டது ஏரியையன்று, முன்னே செல்லும் மோட்டாரின் முதுகையே.

நம்போன்ற கல்லூரிகளுக்கும் இம்மலைக்கும் பழைய தொடர்பொன்று உண்டு. 1834-இல் மதுரையில் ஊழியந் தொடங்கிய அமெரிக்க மிஷனாரிற் பலர் சில ஆண்டுகளுக்குள் நோயால் மாண்டனர். எஞ்சினோர் முதலிற் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னரே 1845-இல் பழனிமலையின்மேல் இரண்டு வீடுகள் கட்டினர். ஆகவே இவ்வூர் பிறந்தது உல்லாசத்துக்கன்று, உயிர் பிழைத்தற்கே. மோட்டார்ப் பாதை வருமுன் துரைமாரும் சீமாட்டிகளும் டோலியில் ஏறி மலைக்குச் சென்றனர். அவர்களைத் தோளிற் சுமந்து அத்துணை உயரமும் ஏறிய ஏழைகளின் பெயர் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. மலைக்காற்றின் சுகத்தை முதலில் துய்த்தவர் சிலர், அதற்கு வேர்வை சிந்தியவர் வேறு சிலர் என்பதை இங்கே குறியாமல் விடுதல் நேர்மையாகாது.

இனிப் பருவங்களை நோக்குவோம். மே மாதத்தில் அங்கு நண்பகலிலும் வெயில் 20 பாகையளவே. இது யாவரும் அறிந்தது. ஆடி ஆவணியில் மூடுபனி நீரின்மேல் தவழும். எதிர்க்கரை மறைவதும் தோன்றுவதுமாயிருக்க, துடுப்பின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். கம்பளியும் குடையும் உடையார்க்கு அக்காலத்து நடை பேரின்பம். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். மலைப்பாதையிற் சிற்சில சமயம் மண் சரிவதும் உண்டாதலால் அக்காலம் செல்லுதல் தகாது. மழை ஓய்ந்து மார்கழி தை வந்தால், விடியலிற் கரையோரப் புல்லில் உறைபனி வெள்ளுப்புப்போற் படிந்திருக்கும். வானம் துலங்கும், இரவில் விண்மீன்கள் நெருங்கிக் காணும். இம்மலையில் 1899-இல் வான ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதும், 1909-இல் எவர்ஷெட் என்பார் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்தலைக் கண்டறிந்ததும் அங்கேயே. விஞ்ஞான மாணவர் தை மாதத்தில் ஒருமுறை அங்கு சென்று வருவதை நாம் வீண்செலவென்று எண்ணோம்.

'ஆண்டு முழுதும் மக்கள் சென்றால் ஏரிக்கு ஓய்வேது?' என்று ஒரு சாரார் வினவுகின்றனர். வினா நியாயமானதே. ஆயினும் ஏரியை வருத்துவது மனிதர் வருகையைக் காட்டிலும் அவர் ஒருங்கே வந்து நெருக்குதலும், விட்டுச்செல்லும் கழிவுமேயாம். நெருக்கடி எத்துணை முற்றியதென்றால், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு அனுமதிச்சீட்டு வேண்டியதாயிற்று. கழிவைப் பற்றியோ, வேறொரு சான்று போதும். 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையொன்றின் பாதரசம் ஏரியின் சேற்றிலும் மீனிலும் கலந்திருந்ததை ஆராய்ச்சியாளர் 2006-இல் வெளியிட்டனர். அது சுற்றிப் பார்க்கச் சென்றவர் செய்த தீங்கன்று. எனினும் நீர் எவ்வளவு எளிதிற் கெடும், கெட்டது எவ்வளவு காலம் அடியில் தங்கும் என்பதை அது காட்டுகின்றது.

மற்றொன்றும் உண்டு. படகு தள்ளுவோர், மிதிவண்டி வாடகைக்கு விடுவோர், சோளக்கதிர் சுட்டு விற்பார் ஆகியோர் இரண்டு மாத வருவாயை நம்பிப் பத்து மாதம் காத்திருக்கின்றனர். ஆடியில் பத்துப்பேர், தையில் இருபதுபேர் எனப் பரவலாகச் சென்றால் அவர்கள் அடுப்பும் தொடர்ந்து எரியும். மே மாதத்து விலையேற்றமும் தணியும். கைப்பொருள் சுருங்கிய மாணவர்க்கு இஃது எவ்வளவு அனுகூலம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. விடுதிகள் வெறுமையாய்க் கிடக்கும் காலத்திற் கேட்கும் வாடகை வேறு, நிரம்பி வழியும் காலத்திற் கேட்கும் வாடகை வேறு அன்றோ!

ஆதலின் நம் கல்லூரிச் சங்கங்கள் பரீட்சை முடிந்த பின்னரே சுற்றுலா என்னும் வழக்கத்தைக் கைவிட்டு, பொங்கல் விடுமுறையை ஒட்டி இரண்டு நாள் ஒதுக்குக என்பது நம் கோரிக்கை. தனி மோட்டார்கள் வேண்டா; மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், பஸ் செல்கின்றது. முதல் நாள் மாலையில் ஏரியை நடந்தே சுற்றலாம். மறுநாள் விடியலில், வெயில் ஏறி உறைபனி கரையுமுன், மீண்டும் ஒருமுறை சுற்றலாம். தடித்த கம்பளியொன்றும், நல்ல செருப்பும், தின்றதன் காகிதத்தைத் திரும்பக் கொண்டுவருதற்கு ஒரு துணிப்பையும் போதும்.