கடைநிலை வேலைக்கு ஏன் இத்தனை ஆங்கிலம்?

மத்திய அரசு அலுவலகங்களில் கோப்புகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது, நகல் எடுப்பது, காலையில் அறைகளைத் திறந்து மாலையில் பூட்டுவது, இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது ஆகியவை எம்.டி.எஸ். எனப்படும் பல்பணி ஊழியரின் பணிகள். பத்தாம் வகுப்பு படித்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் இந்தத் தேர்வில் தரவரிசையை முடிவு செய்வது 150 மதிப்பெண். அதில் 75 ஆங்கிலத்துக்கு. ஒரு நாள் டெல்லியில் துறைச் செயலாளராக உயரக்கூடியவர் எழுதும் குடிமைப்பணி முதன்மைத் தேர்விலும் 300 மதிப்பெண்ணுக்கு ஓர் ஆங்கிலத் தாள் உண்டு. அதில் 25 விழுக்காடு எடுத்தால் போதும், அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. மற்ற தாள்களை அவர் தமிழிலேயே எழுதலாம். செயலாளருக்குத் தேர்ச்சி அளவில் போதுமான ஆங்கிலம், அவர் அறைக்குக் கோப்பு கொண்டுவருபவரின் தரவரிசையில் மட்டும் பாதியைப் பிடித்துக்கொள்வது அநீதி. இது மாற வேண்டும்.

கொச்சி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. திருச்சி சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று 1943-இல் தொடங்கிய ஃபாக்ட் உர ஆலையும், அதன்பின் பெரியாற்றங்கரையில் வந்த அரிய மண் ஆலையும் டி.சி.சி.யும் ஏலூரைத் தொழில் ஊராக்கின. தந்தை ஆலையில் வேலை பார்த்தால் மகனும் எப்படியாவது உள்ளே போய்விடலாம் என்று நம்பிய காலம் போய்விட்டது. ஆலைக்குள் இன்று ஒப்பந்த வேலைதான் எளிதில் கிடைக்கிறது. நிலையான வேலைக்கு மத்திய அரசுத் தேர்வுகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து பார்த்தால் காயலுக்கு அப்பால் வில்லிங்டன் தீவு தெரிகிறது. சுங்க இல்லமும் துறைமுகமும் அங்கேதான். சுங்கத் துறையின் ஹவில்தார் பணிக்கும் இதே எம்.டி.எஸ். தேர்வுதான் வாசல். உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,600 மீட்டரை 15 நிமிடத்தில் நடந்து முடிக்க வேண்டும். அந்தத் தூரத்தை நம் பிள்ளைகள் சிரமமில்லாமல் நடந்துவிடுவார்கள். அவர்கள் இடறுவது, மனிதரை வெறுப்பவனுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் என்ன என்று கேட்கும் இடத்தில்.

தேர்வின் அமைப்பைப் பார்த்தால் கோளாறு இன்னும் தெளிவாகும். முதல் அமர்வில் கணிதத்துக்கு 20 வினா, பகுத்தறியும் திறனுக்கு 20 வினா. இரண்டாம் அமர்வில் பொது அறிவுக்கு 25, ஆங்கிலத்துக்கு 25. முதல் அமர்வு தகுதிக்கு மட்டுமே. பொதுப் பிரிவினர் 30 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோரும் பொருளாதாரத்தில் நலிந்தோரும் 25, மற்றவர்கள் 20 எடுத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. தரவரிசை முழுவதும் இரண்டாம் அமர்வில்தான். அதாவது, தமிழில் கேட்கப்படும் கணக்கை ஒரு பெண் முழுவதும் சரியாகப் போட்டாலும் அவளுக்கு அது ஒரு மதிப்பெண்கூடக் கூட்டித் தராது. ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 6 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து செய்தால் 4 நாள் என்று மனக்கணக்காகச் சொல்கிறவள் அவள். விலையை 10 விழுக்காடு ஏற்றி, பிறகு 10 விழுக்காடு இறக்கினால் 1 விழுக்காடு நட்டம் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் திறமையை ஓரமாக வைத்துவிட்டு, அவள் வீட்டில் யாரும் பேசாத மொழியின் மரபுத்தொடர்களில் அவளை அளக்கிறோம்.

ஆங்கிலம் இல்லாமல் அலுவலகம் நடக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சுற்றறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளவும், உறைமேல் இருக்கும் பெயரையும் பதவியையும் சரியாக வாசிக்கவும், விடுப்பு விண்ணப்பம் எழுதவும் தெரிய வேண்டும். அதைச் சோதிக்கட்டும், தேறாதவரை நிறுத்தட்டும். தேறியவர்களுக்குள் யார் முந்தியவர் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்வதைத்தான் எதிர்க்கிறோம். ரயில்வே என்.டி.பி.சி. தேர்வின் முதல் கட்டத்தில் உள்ள 100 வினாக்களில் 40 பொது அறிவு, 30 கணிதம், 30 பகுத்தறிதல். ஆங்கிலப் பகுதியே கிடையாது. தமிழிலும் எழுதலாம். ஸ்டேஷன் மாஸ்டர்கள் அந்த வழியில்தான் வருகிறார்கள். ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

தமிழர்களிடையே இன்னொரு தயக்கமும் உண்டு. ஆங்கிலத்தின் எடையைக் குறைத்தால் அந்த இடத்தில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்ற அச்சம் அது. வரலாறு அறிந்தவர்கள் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நாம் கேட்பது ஆங்கிலத்தை நீக்கச் சொல்லி அல்ல. தகுதி அளவில் நிறுத்தச் சொல்லி. இன்றைய ஏற்பாட்டிலும் இந்திக்குச் சலுகை இல்லாமல் இல்லை. துணை ராணுவக் காவலர் தேர்வின் கடைசிப் பகுதியில் 20 வினா, 40 மதிப்பெண். அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். இந்திக்காரர் தாய்மொழியில் மதிப்பெண் வாங்க, தமிழரும் மலையாளியும் அந்நிய மொழியில் போராடுகிறார்கள். அங்கே தமிழையும் மலையாளத்தையும் மற்ற மொழிகளையும் சேர்க்க வேண்டும், அல்லது அந்தப் பகுதியை எல்லோருக்கும் தகுதிக்கு மட்டும் என்று ஆக்க வேண்டும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2023 ஏப்ரலில், சி.ஆர்.பி.எஃப். காவலர் தேர்வில் தமிழ் இல்லை என்று தமிழ்நாடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அதே மாதத்தில், துணை ராணுவக் காவலர் தேர்வு 13 மாநில மொழிகளிலும் நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் அப்படியே நடந்தது. எம்.டி.எஸ். தேர்வும் 2023 மே முதல் 13 மொழிகளில் வந்தது. கேரளத்தில் 2019-இல் மாநிலத் தேர்வாணையமான பி.எஸ்.சி.யின் அலுவலகத்தின் முன் எழுத்தாளர்களும் இளைஞர்களும் மலையாள வினாத்தாளுக்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். செப்டம்பரில் முதலமைச்சரோடு பேசியபின் பி.எஸ்.சி. கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. குடிமைப்பணி முதல்நிலைத் தேர்விலேயே, 2014 போராட்டத்துக்குப் பிறகு இரண்டாம் தாளின் ஆங்கில வினாக்கள் கணக்கில் எடுக்கப்படவில்லை. மறு ஆண்டு அந்தத் தாள் முழுவதும் தகுதித் தாளானது. அன்று குரல் கொடுத்தவர்கள் பட்டதாரிகள். பத்தாம் வகுப்போடு நின்றவர்களுக்காக அந்த அளவுக்கு யாரும் இன்னும் தெருவுக்கு வரவில்லை.

விதி மாறும்வரை தேர்வு நிற்காது என்பதால் எழுதப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோச்சிங் சென்டர் தரும் ஆயிரம் சொல் பட்டியலை உருப்போடுவதில் காலத்தைக் கரைக்காதீர்கள். வினைச்சொல் எழுவாயோடு ஒத்துப்போவது, காலங்கள், முன்னிடைச்சொற்கள், 'எ', 'ஆன்', 'தி' வரும் இடங்கள் ஆகிய நான்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. 'சீனியர்' பக்கத்தில் 'தேன்' வராது, 'டு' வரும். 'ஒன் ஆஃப் தி' என்றால் அடுத்துப் பன்மை. இப்படிப்பட்டவற்றைப் பழைய வினாத்தாள்களிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நாள்தோறும் ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியையாவது முழுவதும் படியுங்கள். நெகட்டிவ் மார்க்கின் கணக்கையும் அறிந்திருங்கள்: சரிக்கு 3, தவறுக்கு 1 என்றால் நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாக விலக்க முடிந்தால் மற்ற மூன்றில் ஒன்றைக் குறிப்பது லாபம். கேரள பி.எஸ்.சி.யில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பதால் அங்கும் இதே கணக்குதான். கேரளத்து வாசகசாலைகளில் நடக்கும் 'கம்பைன் ஸ்டடி' கூட்டங்களில் தயங்காமல் போய் உட்காருங்கள். மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழில் வினாத்தாள் கேட்கும் உரிமை பி.எஸ்.சி.யில் உண்டு, விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் கவனித்து நிரப்புங்கள்.

எஸ்.எஸ்.சி. செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. எம்.டி.எஸ். தேர்வில் ஆங்கிலத்தைத் தகுதி அமர்வுக்கு மாற்றி, கணிதத்தையும் பகுத்தறிதலையும் தரவரிசை அமர்வுக்குக் கொண்டுவந்தால் போதும். வினாத்தாளின் நீளம்கூட மாறாது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நாடாளுமன்றம் சென்றிருக்கும் உறுப்பினர்கள் கட்சி பாராமல் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, அடுத்த எம்.டி.எஸ். அறிவிக்கை வருவதற்குமுன் இதைப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறையிடம் கேட்க வேண்டும்.