கன்னத்தில் கை வைத்த கதை

நான் பி.காம். ஃபேஷியல் பற்றி எழுத உனக்கென்னய்யா தகுதி என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு முகம் இருக்கிறது. சுமாரான முகம்தான். கணக்குப்பதிவியல் பாஷையில் சொன்னால், வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக் கழித்து, இப்போது பழைய இரும்புக் கடை விலையில் நிற்கிற சொத்து.

ஆனால் இந்த வாரம் சொல்லப்போவது என் அக்கா மகள் முகத்தைப் பற்றி.

போன தை மாசம் அவளுக்கு நிச்சயதார்த்தம். ஞாயிற்றுக்கிழமை விசேஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். "டேய், இவளைத் தில்லைநகர் பார்லருக்குக் கூட்டிட்டுப் போ. மூஞ்சி ஒரு வாரமா செக்கச் செவேல்னு இருக்கு. கோல்டு ஃபேஷியல் பண்ணினா சரியாயிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அத்தான்கிட்ட ரேட்டைச் சொல்லித் தொலைச்சிடாதே."

ரேட் 1,500 ரூபாய். தங்கம் விற்கிற விலையில் 1,500 ரூபாய்க்கு ஒரு முகம் பூராவும் தங்கம் பூசுகிறார்கள் என்றால், யாரோ ஒருவர் நஷ்டப்பட்டாக வேண்டும். அது பார்லர்காரம்மாவாக இருக்க வாய்ப்பில்லை என்று என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. (அந்தக் கணக்கு தப்பு என்று பின்னால் தெரிந்தது. பொறுங்கள்.)

பார்லர் அம்மாவுக்கு ஐம்பது வயசிருக்கும். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பஞ்சால் துடைத்து, பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். நம்ம ஊர் நகைக்கடைக்காரர் மூக்குத்திக் கல்லைப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

"என்ன கண்ணு போடறே முகத்துல?"

"ஒண்ணுமில்லக்கா... ஃபேர்னஸ் க்ரீம்தான். அதுவும் தீர்ந்துபோய் பத்து நாளா போடல."

"காலி ட்யூபு இருக்கா?"

கைப்பையிலிருந்து எடுத்தாள். பற்பசை ட்யூப் மாதிரி வால் வரைக்கும் சுருட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏனென்றால் அந்தச் சனியனை அவளுக்கு அறிமுகம் செய்து வைத்தது சாட்சாத் அடியேன்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஷேவ் பண்ணுகிற இடத்தில் கறுப்பாக இருக்கிறது என்று ஒரு மருந்துக்கடையில் சொன்னேன். கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதைப் போடுங்க சார். எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க." பத்தே நாளில் என் கன்னம் உரித்த முட்டை மாதிரி ஆகிவிட்டது! சும்மா இருப்பேனா? சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் கன்னத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாமா" என்றாள் இவள். வாங்கிக் கொடுத்தேன். நான் சோம்பேறி, மூன்று வாரத்தில் விட்டுவிட்டேன். அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிற பெண். இரண்டு வருஷம், ஒரு ராத்திரி தப்பாமல் பூசியிருக்கிறாள்.

பார்லர் அம்மா ட்யூபைத் தூர வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்.

"இது க்ரீம் இல்ல சார், மருந்து. கடைசிப் பேரு ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கான் பாருங்க. மங்குக்குக் கொஞ்ச நாளைக்கு டாக்டருங்க எழுதித் தருவாங்க. நம்ம ஜனங்க வருஷக்கணக்கா பவுடர் மாதிரி பூசுது. முதல்ல பளிச்சுனுதான் இருக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு போயிடும். உள்ளே ஓடற ரத்தக் குழாய் வெளியே தெரியும், பரு வரும், பூனைமுடி வளரும், வெயில்ல எரியும். நிறுத்தினா மொத்தமா சிவந்து கொதிக்கும். மறுபடி போட்டா அடங்கும். குடிகாரன் கதைதான்."

இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலை இறுக்கியது. பட்டியல் டெல்லியில் இருக்கிறது. ட்யூப் தெருமுனையில் கிடைக்கிறது.

"அப்போ ஃபேஷியல்?" என்றேன்.

"பண்ண மாட்டேன். இந்தத் தோல் மேலே ஆவி காட்டி, ஸ்க்ரப் தேய்ச்சேன்னா ஞாயித்துக்கிழமை மணையில பொண்ணு உட்காராது, தக்காளிதான் உட்காரும். 1,500 ரூபாய்க்கு நான் அந்தப் பாவத்தைக் கட்டிக்க மாட்டேன். தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

வலிய வருகிற வருமானத்தை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை என் பாடப்புத்தகத்தில் நான் சந்தித்ததில்லை. அதனால் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சந்தேகத்தையெல்லாம் கேட்டேன். அந்தம்மாவும் தொழில் ரகசியத்தைக் கொட்டினார்.

ஃபேஷியல் என்பது அழுக்கெடுத்து, மேல்தோல் செத்த செல்லைத் தேய்த்தெடுத்து, நன்றாக மசாஜ் பண்ணுவது. ரத்த ஓட்டம் கூடும், முகம் இரண்டு மூன்று நாளைக்குத் தெளிவாக இருக்கும், தூக்கம் வரும். அவ்வளவுதான். நிறம் மாறாது. தங்கம், வைரம், முத்து எல்லாம் டப்பா மேல் படத்துக்குத்தான். ஆவி பிடித்தால் துவாரம் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பதும் கதை. துவாரத்துக்குக் கதவா இருக்கிறது? விசேஷத்துக்கு முதல் நாள் புதுசாக எதையும் முகத்தில் வைக்கக் கூடாது. ஒரு வாரமாவது முன்னால். ப்ளீச் என்றால் கையிலோ காதுக்குப் பின்னாலோ தடவிப் பார்க்காமல் முகத்துக்குப் போகக் கூடாது.

"எலுமிச்சம்பழம்?"

"ரசத்துக்குப் பிழியுங்க. மூஞ்சில பிழிஞ்சுக்கிட்டு வெயில்ல போனா வெந்து கறுத்துப் போகும். ஆப்பச்சோடாவும் அடுப்படியிலேயே இருக்கட்டும்."

தினப்படிக்கு? காரமில்லாத முகக்கழுவி இரண்டு வேளை, ஈரப்பசைக்கு ஒரு லோஷன், பகலில் சன்ஸ்க்ரீன். எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலைச் சுடுகிற யு.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும்; 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு விலை எவ்வளவு கூடுதல் என்று பார்த்து வாங்குங்கள். (இது என் பி.காம். குறிப்பு.) ஆனால் பொட்டு வைப்பது போல் வைத்தால் பிரயோஜனமில்லை. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். வெயிலில் அலைகிறவர்கள் இரண்டு மணிக்கொரு தரம்.

பேரே போடாத டப்பாவில் வருகிற வெளுப்பு க்ரீம் பற்றிக் கேட்டபோதுதான் அந்தம்மா முகம் கடுகடுத்தது. அதில் பாதரசம் இருக்கக்கூடும். 2023-ல் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களைத் துருவிப் பார்த்தபோது, பலரும் அப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களாக இருந்தார்கள். பூசியது முகத்தில், போனது கிட்னி.

மறுநாள் தோல் டாக்டர். அந்த ட்யூபை இனித் தொடாதே என்றார். மாத்திரை, லோஷன், மறுபடி சன்ஸ்க்ரீன். சரியாக மாசக்கணக்கில் ஆகும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார்.

வெளியே வந்தோம். அக்கா போன்.

"டேய், அவ சொல்றா, அந்த க்ரீமைப் போட்டா ஒரே ராத்திரில சிவப்பு அடங்கிடுமாம். நாளைக்கு ஒருநாள் மட்டும்டா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி இப்படி உட்கார வைக்க முடியுமா? நிச்சயம் முடிஞ்சதும் நிறுத்திக்கட்டும். வாங்கிக் கொடுத்தவன் நீதானே!"

நியாயமான கேள்வி. எதிரிலேயே மருந்துக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக அதே ட்யூப். ஸ்கூட்டரில் உட்கார்ந்து யோசித்தேன். நூறு ரூபாய்ச் சொச்சம், அக்காவுக்கு நிம்மதி. நாலு பேர் வாயை அடைக்கலாம். பர்ஸைக்கூட எடுத்துவிட்டேன்.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "வேணாம் மாமா. நாளைக்குப் போட்டா, கல்யாணத்துக்கும் போடணும். அப்புறம் வளைகாப்புக்கும் போடணும். வண்டியை எடுங்க."

எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சிவந்த முகத்தோடு, பவுடர்கூட இல்லாமல், மயில்கழுத்து நிறப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். அக்கா கன்னத்தில் கை வைத்தவள் எடுக்கவே இல்லை. மாப்பிள்ளையின் அத்தை, "வெயில்ல அலைஞ்சியாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க, தப்பான க்ரீம் போட்டேன். வைத்தியம் நடக்குது" என்றாள் இவள். கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அத்தான் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தாம்பூலம் மாறியது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். சரி, கேட்கப்போகிறார் என்று தயாரானேன். அக்கம் பக்கம் பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"சித்தப்பாவா மாமாவா, எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல... அந்த டாக்டர் சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க? ஷேவ் பண்ணினதும் நான் போடறதும் அதே ட்யூபுதான்."