ரசிகர் மன்றமா, இறைமக்கள் சமூகமா?

பங்குத் திருவிழாக்களில் அண்மைக் காலமாக ஒரு புதுமையைக் காண்கிறோம். கொடிமரத்திற்குச் செல்லும் வழியெங்கும் பதாகைகள். அவற்றில் பாதுகாவலரான புனிதர் ஓர் ஓரத்தில் சிறிதாய் நிற்கிறார். நடுவில் பங்குத்தந்தையின் முழு உருவம்; கீழே பதாகை வைத்த இளைஞர்களின் முகங்கள் வரிசையாக. வெளியூரிலிருந்து வரும் மறையுரையாளருக்கு வெடி வெடித்து வரவேற்பு. உரை முடிந்ததும் கைதட்டல், விசில். “நம் பங்கு உயிர்பெற்றுவிட்டது” என்று பூரிப்போர் பலர். நேற்றுவரை கோவில் தூணில் சாய்ந்து நின்று திருப்பலி ‘கண்டவர்கள்’ இன்று இரவு பகலாக உழைக்கிறார்களே, இதிலும் குறை காண வேண்டுமா என்று அவர்கள் கேட்கின்றனர்.

நியாயமான கேள்விதான். இறைமக்கள் பார்வையாளராய் இருந்துவிடலாகாது என்பது திருச்சபையின் நெடுநாளைய ஏக்கம். திருவழிபாட்டில் மக்கள் செயல்முறையில் பங்கேற்க வேண்டும் என்று 1903-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வலியுறுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, வாய்மூடி வேடிக்கை பார்க்கும் அந்நியராய் நம்பிக்கையாளர் அங்கே நிற்கக்கூடாது என்றது. நாம் நின்றுகொண்டுதான் இருந்தோம். ஆகவே, எழுந்து வந்த இளைஞரை நாம் பழிக்கவில்லை. அவர்கள் எதை நோக்கி எழுந்தார்கள் என்பதே நம் கேள்வி.

தமிழ்நாட்டில், வெறும் பார்வையாளரைச் செயல்வீரராக்கும் கலையைத் திரைப்பட ரசிகர் மன்றங்களைப் போலக் கற்றவர் எவருமில்லை. கூலியின்றிச் சுவரொட்டி ஒட்டுவார்கள், இரத்ததானம் செய்வார்கள், தம் தெருவில் ஒரு வீட்டில் இழவு என்றால் முன்னின்று உதவுவார்கள். எம்.ஜி.ஆர். 1972-இல் தனிக்கட்சி தொடங்கியபோது, அவருடைய மன்றங்களே அதன் முதுகெலும்பாயின. ஐந்தே ஆண்டுகளில் அவர் முதலமைச்சரானார். இந்த ஆற்றலை எள்ளி நகையாடுவோர் அறியாதவர்.

ஆயினும் அந்த ஆற்றலின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது? ரஜினிகாந்த் 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். மன்றத்தினர் ஊர் ஊராக உழைத்தனர். 2020 டிசம்பர் 29 அன்று, உடல்நிலையைக் காரணங்காட்டி, வரவில்லை என்றார். 2021 ஜூலையில் மக்கள் மன்றம் கலைக்கப்பட்டு, மீண்டும் ரசிகர் நற்பணி மன்றமானது. அவரை நாம் குறைகூறவில்லை. தம் உடல்நிலையை அறிந்தவர் அவரே. ஆனால் ஒருவருடைய அறிக்கையால் எழுந்து, அவருடைய அறிக்கையாலேயே அமரும் கூட்டத்தைச் சமூகம் என்று எப்படி அழைப்பது? ரசிகன் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டான். அவன் கண்கள் மட்டும் இன்னும் திரையைவிட்டு அகலவில்லை.

இதே நோய் நம் பங்குகளில் தலைகாட்டும்போது என்ன நேர்கிறது? ஆயர் ஒரு குருவை மாற்றினால், ஒரு தரப்பு ஆயர் இல்லத்தின்முன் அமர்ந்து போராடுகிறது. புதியவர் வந்ததும் பழையவரின் ஆதரவாளர் பாடகர் குழுவைவிட்டு விலகுகின்றனர். புதியவருக்குப் புதிய அணி பிறக்கிறது. இதற்கிடையே பங்கின் கணக்கைப் பற்றி எவரேனும் பணிவாய்க் கேட்டால், “சாமியாரையே சந்தேகப்படுகிறாயா?” என்று பாய்வதும் இந்த அணியினரே. விசிலடிக்க அனுமதி உண்டு. வினவ அனுமதி இல்லை.

இது புதிய நோயன்று. கொரிந்து நகரில் ஒருவர் பவுலின் ஆள் என்றார்; மற்றொருவர் அப்பொல்லோவின் ஆள் என்றார். தம் பெயரால் அமைந்த அணியையும் சேர்த்தே பவுல் கடிந்தார். லிஸ்திராவில் கால் ஊனமுற்றவர் நடக்கக் கண்ட மக்கள், பவுலையும் பர்னபாவையும் தெய்வங்களெனக் கருதி, மாலைகளோடும் காளைகளோடும் பலியிட வந்தனர். திருத்தூதர் இருவரும் மேலாடைகளைக் கிழித்துக்கொண்டு கூட்டத்தினுள் பாய்ந்து தடுத்தனர். அதே ஊரில்தான் பவுல் பின்னர் கல்லெறியப்பட்டார். நம் ஆண்டவரோ, அப்பம் உண்டு நிறைந்த கூட்டம் தம்மை அரசராக்க முனைவதை உணர்ந்து, தனியே மலைக்கு விலகிச் சென்றார். மறுநாள் அவருடைய போதனை கடினமானபோது சீடர் பலர் அகன்றனர். அவர் தம் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. கூட்டத்தைத் தக்கவைப்பது அவர் நோக்கமன்று.

அப்படியாயின், செயல்படும் சமூகம் எவ்வாறு பிறக்கிறது? 1833-ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஓர் இருபது வயது மாணவர், பிரெடெரிக் ஓசானாம், விவாத மன்றத்தில் திருச்சபைக்காக வாதாடினார். உங்கள் சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று எதிரணியினர் மடக்கினர். அவரும் நண்பர் சிலரும் மறுமொழி பேசிக்கொண்டிராமல் ஏழையரின் வீடு தேடிச் சென்றனர். அவ்வாறு பிறந்ததே புனித வின்சென்ட் தே பவுல் சபை. அது ஓசானாமின் பெயரைத் தாங்கவில்லை. அவர் நாற்பதாம் வயதில் இறந்தபோது சபை அவரோடு இறந்துபோகவுமில்லை. உறுப்பினரின் கண்கள் தலைவரின்மேல் இல்லாமல், பசித்த வீட்டின் கதவின்மேல் இருந்ததே காரணம்.

குருக்களுக்கு நாம் பணிவுடன் சொல்வது இது: உங்கள் உருவம் தாங்கிய பதாகையை நீங்களே இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் இறங்கும். பொதுநிலையினராகிய நமக்கும் ஒரு சொல் உண்டு. திருச்சபையின் நலன் குறித்த நம் கருத்தை மேய்ப்பர்களுக்கு மரியாதையோடு எடுத்துரைக்க நமக்கு உரிமையும், சில வேளைகளில் கடமையும் உண்டு என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 212) கூறுகிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்றும் அது (எண் 537) விதிக்கிறது. நம் பங்கில் அக்குழு கூடுகிறதா? அன்பியத்தில் செபமாலை முடிந்ததும் கலைந்துவிடுகிறோமா, அல்லது நோயுற்றுக் கிடக்கும் அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசுகிறோமா?

அடுத்த திருவிழாவுக்குப் பதாகைக்கென நிதி திரட்டும் இளைஞர்களே, அந்த ஆர்வத்தைக் குறைக்க வேண்டாம். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு, நம் பங்கில் படிப்பைக் கைவிட்ட ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நடந்து செல்லுங்கள். பங்குத்தந்தை மாறினாலும் அந்தப் பிள்ளை அங்கேயேதான் இருக்கும். நீங்களும் அங்கே இருங்கள்.