கழுவினால் போகாத நஞ்சு

"காய்கறியை உப்புத் தண்ணீரில் அலசினால் பூச்சிமருந்தெல்லாம் போய்விடும், ஆய்வகச் சோதனை வீண்செலவு" என்கிறார்கள். தோல்மேல் ஒட்டிய மருந்தில் கொஞ்சம் போகும், மறுக்கவில்லை. மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஊடுருவும் மருந்து செடியின் சாற்றோடு காய்க்குள்ளேயே போய்விடுகிறதே, அதை எந்தத் தண்ணீர் அலசும்? காய்கறிக்கு அதை அடிக்கக் கூடாதென்று நம் நாட்டில் 2005லேயே தடை வந்தது. தடை மதிக்கப்படுகிறதா என்பதைச் சோதிக்காமல் எப்படி அறிவது?

உலோகம் இன்னும் மோசம். ஜப்பானின் ஜின்ட்சு ஆற்றில் சுரங்கக் கழிவின் காட்மியம் கலந்தது. அந்த நீர் பாய்ந்த வயலின் அரிசி பார்வைக்கு நல்ல அரிசிதான். கழுவித்தான் உலை வைத்தார்கள். உண்டவர்களுக்கு, பெரும்பாலும் நடுவயது கடந்த பெண்களுக்கு, எலும்பு நொறுங்கியது. இருமினால்கூட விலா முறிந்தது. "வலிக்குதே, வலிக்குதே" என்ற கதறலே நோயின் பெயரானது: இத்தாய்-இத்தாய். காட்மியமே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். இன்று தீட்டிய அரிசியில் காட்மியத்துக்குச் சர்வதேச வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். அதை நாக்கு அறியாது, கருவிதான் அறியும்.

நம் திராட்சை ஐரோப்பாவுக்குக் கப்பலேறுமுன் தோட்டவாரியாக மாதிரி எடுத்துச் சோதிக்கிறோம். அதே சோதனையை நம் சந்தைக்கு வரும் காய்க்கும் அரிசிக்கும் செய்யுங்கள். முடிவை ஊரறிய வெளியிடுங்கள்.