தட்டைத் திரையும் தாயின் விரலும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

விஞ்ஞானம் மனிதனுக்கு வாய்த்த வரம் என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்த வரம் எல்லாருக்கும் ஒன்றுபோல் பலிக்கிறதா என்று கேட்பவர் சிலரே. இன்று உழவர் மடியிலும் சித்தாளின் கூடையிலும் கைப்பேசி இருக்கிறது. உண்மைதான். ஆனால் கையில் இருப்பது வேறு; கைக்கு வசப்படுவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு சிறு இடைவெளியைப் பற்றியே இங்குச் சொல்ல விழைகிறேன். அது ஒரு பொத்தானின் அளவே உள்ள இடைவெளி. அதில் என் தேர்வுக் கட்டணமே விழுந்துவிட்டது.

என் தாய் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுதியில் சேர்ந்த பிறகு, அம்மாவுக்கு ஒரு பழைய கைப்பேசியை வாங்கித் தந்து, பணம் அனுப்பும் செயலி ஒன்றைப் பழக்கினேன். பெயரைத் தொட வேண்டும்; தொகையைப் போட வேண்டும்; கீழே மேடாகத் தெரியும் நீலப் பொத்தானை அமுக்க வேண்டும்; இரகசிய எண் கேட்கும், அதைப் போட வேண்டும். இரண்டு விடுமுறைகள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நான்கு மாதம் ஒரு பிசகும் இல்லாமல் அனுப்பினார்.

சென்ற பருவத் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் வந்தது, பணம் வரவில்லை. மாலையில் பேசினேன்.

"காலையில இருந்து பாக்குறேன் கண்ணு. அது நம்பரே கேக்க மாட்டேங்குது. மேடா ஒரு நீலப் பொத்தான் இருக்குமே, அதைக் காணோம். எதையாவது தொட்டு, பணம் வேற யாருக்காவது போயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு வச்சுட்டேன்."

மறுநாள் நண்பர்களிடம் கடன் வாங்கி, அபராதத்தோடு கட்டினேன். அடுத்த வாரம் ஊருக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. செயலியைப் புதுப்பித்திருந்தார்கள். பழைய பொத்தான் இருந்த அதே இடத்தில், சுற்றுக்கோடும் நிழலும் இன்றி, "தொடர்க" என்ற சொல் மட்டும் நீல எழுத்தில் இருந்தது. "இதைப் பார்க்கவில்லையா அம்மா?" என்று கேட்டேன். "பாத்தேனே. தொடர்கன்னு படிச்சேன். அதை அமுக்கணும்னு யாரு சொன்னா?" என்றார்.

எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. "நான் படிக்காதவ, எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று அவரே பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டதுதான் அபராதத்தைவிட எனக்கு உறைத்தது. பழி அவருடையதன்று என்று நிறுவவே இக்கட்டுரை.

மேடு எப்படித் தட்டையானது?

திரையில் பொருள்களின் உருவத்தை வரைந்து காட்டும் வழக்கம் பழையது. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் கணிப்பொறி வந்தபோதே, திரையில் கோப்புறையும் குப்பைத் தொட்டியும் படமாக இருந்தன. 2007-இல் ஐபோன் வந்தபோது இந்த வழக்கம் மேலும் வளர்ந்தது. குறிப்பேடு கோடு போட்ட மஞ்சள் தாளாகக் காட்சி தந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் புத்தகச் செயலி மர அலமாரியாயிற்று. நாட்காட்டிக்குத் தைத்த தோல் அட்டையும், கிழித்த தாளின் பிசிறும் வந்தன. விளையாட்டுச் செயலியில் சூதாட்ட மேசையின் பச்சைத் துணி விரிந்தது. இவ்வாறு பழைய பொருளின் தோற்றத்தைப் புதிய பொருளுக்குச் சூட்டுவதை ஸ்கியூமார்பிசம் என்பர். பொருட்போலி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ப்பு எழுந்தது. 2010-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் போனில், நிழலும் மினுக்கும் இல்லாத வண்ணக் கட்டங்களையும் தெளிந்த எழுத்தையும் கொண்டுவந்தது. 2012 அக்டோபரில் ஆப்பிளின் கைப்பேசி மென்பொருள் தலைவர் ஸ்காட் ஃபார்ஸ்டால் விலகுவதாக அறிவிப்பு வந்தது. திரை வடிவமைப்பு ஜானி ஐவின் பொறுப்புக்கு மாறியது. 2013-இல் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 7-இல் தோலும் மரமும் துணியும் ஒரே நாளில் மறைந்தன. பொத்தான்கள் பலவும் வெறும் வண்ணச் சொற்களாயின. 2014-இல் கூகிள் வெளியிட்ட மெட்டீரியல் டிசைன் சற்று நிதானமானது. திரையைத் தாளாகவும் மையாகவும் கருதி, மெல்லிய நிழலை அது விட்டுவைத்தது. அதன் விதிகளில் மேடான பொத்தான், தட்டைப் பொத்தான் என இருவகையும் இடம்பெற்றன. ஆயினும் உலகெங்கும் செயலி செய்வோர் பலர் தட்டையே அழகு என்று முடிவு கட்டிவிட்டனர்.

மறுதரப்பின் வாதம்

எங்கள் விடுதியில் இது குறித்து ஓர் இரவு பெரும் வாக்குவாதமே நடந்தது. கணிப்பொறி அறிவியல் பயிலும் நண்பர் ஒருவர் தட்டை வடிவத்துக்காக மூன்று காரணங்களை எடுத்து வைத்தார். அவற்றை மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

முதலாவது, வேண்டாத ஒப்பனை கண்ணுக்குச் சுமை. செய்தியே தலையாயது, சட்டமன்று. இரண்டாவது, கைப்பேசிகள் இன்று பல அளவுகளில் வருகின்றன. தோலையும் மரத்தையும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே படமாகச் செய்ய வேண்டும். தட்டை வடிவங்களோ எந்த அளவுக்கும் நீளும், சுருங்கும். நினைவகத்தில் சிறிதே இடம் கொள்ளும். ஆகவே மலிவான கைப்பேசிக்கும் அதுவே நல்லது. மூன்றாவது, மக்கள் கண்ணாடியைத் தொடப் பழகிவிட்டார்கள். நடக்கத் தெரிந்தவனுக்கு நடைவண்டி எதற்கு?

முதல் இரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேலும் ஒன்று சொல்வேன். தோல் அட்டை போட்ட மேசை நாட்குறிப்பை என் தாய் கண்டதே இல்லை. சூதாட்ட மேசையின் பச்சைத் துணியை நானும் கண்டதில்லை. பதிவு செய்வதற்கு அடையாளமாகச் சதுரமாக ஒரு படம் போடுகிறார்களே, அது ஃபிளாப்பி என்னும் பழைய வட்டின் உருவம் என்று கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். அந்தப் பொருட்போலிகள் எல்லாம் மேலைநாட்டு அலுவலகத்தில் பழகிய வசதியானவர்களுக்குத்தான் உறவு. அவை போனதற்கு நான் கண்ணீர் விடவில்லை.

ஆனால் மூன்றாவது காரணத்தை ஏற்க மாட்டேன். மக்கள் பழகிவிட்டார்கள் என்றால், எந்த மக்கள்? மேடான பொத்தான்கள் இருந்த நாளிலேயே தொடங்கியவர்கள் பழகிவிட்டார்கள். என் தாயோ நேற்றுத் தொடங்கியவர். ஏணியில் ஏறி மாடிக்குப் போனவர்கள், இனி ஏணி எதற்கு என்று எடுத்துவிட்டால், கீழே நிற்பவர் கதி என்ன?

இந்த நிலை எனக்குப் புதிதன்று. நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், போனஃபைடு சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். அது என்ன, யாரிடம் கேட்பது என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டார்கள். வீட்டில் கேட்கவோ, படித்தவர் எவரும் இல்லை. குறிப்புக் காட்டாத இடத்தில், முன்பே அறிந்தவன் தடையின்றி நடப்பான். அறியாதவன் தன்னையே நொந்துகொள்வான்.

கண் கற்றிருக்கும் பாடம்

நான் இயற்பியல் மாணவன். ஆகையால் இதில் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள பங்கைச் சொல்ல வேண்டும்.

நண்பர்களே, ஒரு தாளில் வட்டம் ஒன்று வரையுங்கள். அதன் மேற்பகுதியை வெண்மையாக விட்டு, கீழே வரவர அடர்த்தியாகப் பென்சிலால் தீட்டுங்கள். வட்டம் குமிழ்போல் புடைத்துத் தெரியும். இப்போது தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். குமிழ் குழியாகிவிடும்! நிலவின் பள்ளங்களைக் காட்டும் நிழற்படங்களைத் தலைகீழாகப் பிடித்தாலும் பள்ளம் மேடாகத் தோன்றுவது இதனால்தான். ஒளி மேலிருந்து வருகிறது என்று நம் கண்ணும் மூளையும் கேளாமலே எடுத்துக்கொள்கின்றன. நிழலைக் கொண்டு உருவத்தை உணரும் இந்த ஆற்றலை நுணுகி ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் என்பது நமக்குப் பெருமை.

இதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. தோல் அட்டையை அடையாளம் காணப் பட்டண வாழ்வு வேண்டும். "தொடர்க" என்பதைக் கட்டளையாகப் புரிந்துகொள்ள, எழுத்தும் வேண்டும், பழக்கமும் வேண்டும். மேட்டை மேடு என்று காண எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம். தலைக்கு மேலே கதிரவனைக் கண்டு வளர்ந்த எவருக்கும் அது விளங்கும். வடிவமைப்பாளர்கள் தோலை எறிந்தார்கள், சரி. அதோடு சேர்த்து நிழலையும் எறிந்தார்கள், அதுவே பிழை. முன்னது ஒப்பனை, பின்னது மொழி. அந்த மொழிதான் என் தாய்க்குத் தெரிந்த மொழி.

ஒரு பொருளின் தோற்றமே, அதை என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். தெருமுனை அடிபம்பைப் பாருங்கள். அதன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கக் குழந்தைக்கு யார் கற்றுத் தந்தார்கள்? எங்கள் ஆய்வகத்தில் உள்ள பழைய கருவிகளும் அப்படித்தான். திருகு, திருகச் சொல்கிறது; தட்டுச் சாவி, தட்டச் சொல்கிறது. இப்பண்பை உளவியலறிஞர் ஜேம்ஸ் கிப்சன் விளக்கினார். அன்றாடப் பொருள்களின் வடிவமைப்புக்கு அதைப் பொருத்தி, 1988-இல் டொனால்டு நார்மன் நூல் எழுதினார். தள்ள வேண்டிய கதவை ஒருவன் இழுத்தால், குற்றம் கதவைச் செய்தவன்மேல் என்பது அவர் கட்சி. அதே நார்மனும், ஆப்பிளில் தொடக்க நாளிலேயே பணியாற்றிய புரூஸ் டோக்னசினியும் சேர்ந்து 2015-இல் எழுதிய கட்டுரையில், மெல்லிய எழுத்தாலும் மறைந்து கிடக்கும் செயல்களாலும் ஆப்பிள் நிறுவனம் எளிமையின் பொருளையே மறந்துவிட்டது என்று வருந்தினர்.

2017-இல் நீல்சன் நார்மன் குழுமம் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே இணையப் பக்கத்தை இருவகையாக அமைத்து மக்களிடம் காட்டினர். அழுத்தும் இடங்கள் தெளிவாகத் தெரியாத பக்கத்தில் அவர்கள் 22 விழுக்காடு கூடுதல் நேரம் செலவிட்டனர். அது பக்கங்களைப் பற்றிய ஆய்வேயன்றிப் பணம் அனுப்புவதைப் பற்றியதன்று. எனினும் சிந்தியுங்கள். இணையத்தில் பழகியவருக்கு அது சில நொடித் தயக்கம். புதியவருக்கு அது ஒரு முழு நாள்.

மருந்து எங்கே இருக்கிறது?

2014 மார்ச்சில் ஐ.ஓ.எஸ். 7.1 வந்தபோது, பொத்தான்களுக்கு வடிவம் காட்டும் வசதி ஒன்று அமைப்புகளில் சேர்க்கப்பட்டது. குறை இருந்தது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அந்த வசதி பட்டியலுக்குள் பட்டியலாக உள்ளே கிடந்தது. பொத்தானையே கண்டுபிடிக்க முடியாதவர், பொத்தானைக் காட்டும் பொத்தானை எப்படிக் கண்டுபிடிப்பார்? மருந்துப் பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போலாயிற்று.

இப்போது காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. 2025-இல் ஆப்பிள் லிக்விட் கிளாஸ் என்ற பெயரில், கண்ணாடிபோல் ஒளிரும் தோற்றத்தை வெளியிட்டது. ஆழம் திரும்பியது என்று மகிழ்ந்தேன். ஆனால் பின்னால் உள்ள படம் ஊடுருவித் தெரிவதால் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று பலர் குறைகூறினர். ஆழம் நகையாகத் திரும்பினால் பயனில்லை. குறியாகத் திரும்ப வேண்டும்.

நான் கேட்பது பெரிதன்று. பணம், மருத்துவம், அரசு உதவி ஆகியவை பற்றிய செயலிகளிலாவது, அமுக்க வேண்டியது அமுக்கத் தக்கதாகத் தெரியட்டும்; சுற்றிலும் ஒரு கோடு, அடியில் ஒரு நிழல் போதும். அமுக்கக் கூடாத எழுத்துக்கு அதே நிறத்தைப் பூசாதிருக்கட்டும். மக்கள் பழகிய பொத்தானின் உருவை மாற்றுமுன், அதை நம்பியிருப்பவரை ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். இவற்றால் எந்தச் செயலியின் அழகும் கெட்டுவிடாது. எந்தக் கைப்பேசியின் நினைவகமும் நிரம்பிவிடாது.

அம்மா இப்போது அந்த நீல எழுத்தை அமுக்கப் பழகிவிட்டார். "அடுத்த தடவை மாத்திட்டாங்கன்னா, நீ ஊர்ல இல்லன்னா, யாரைக் கேக்குறது?" என்று மட்டும் கேட்டார்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் நாளை மென்பொருள் நிறுவனங்களில் அமரப் போகிறோம். பெரும்பாலோர் வீட்டில் நாம்தான் முதல் பட்டதாரிகள். எந்தத் திரையை வரைந்தாலும், அதை முதலில் நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய் நம் தாயின் கையில் கொடுப்போம். அவர் விரல் தயங்கும் இடத்தில் அவரைத் திருத்த வேண்டாம், திரையைத் திருத்துவோம். நமக்கு முன் படித்தவர்கள் செய்யத் தவறியதை நாம் செய்தால், நம் பட்டம் நம் வீட்டுக்கும் பயன்பட்டதாகும்.