பன்றிக்கு எந்தத் துப்பாக்கி?

என்னடா இவன், படிக்கிற வேலையை விட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டானே என்று நண்பர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. எங்கள் விக்கிரமங்கலம் பக்கமாகட்டும், பெரம்பலூர் மக்காச்சோளக் காடுகளாகட்டும், விவசாயிகள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் காட்டுப்பன்றியில்தான் வந்து நிற்கும். ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் மூன்று மாத உழைப்பு மண்ணோடு மண். அந்த வயிற்றெரிச்சலில் வருகிற பேச்சுதான் இது: "ஒரு சின்ன ரைபிள் இருந்தால் போதும்ப்பா. ஈயத்தை உருக்கி நாமே குண்டு ஊத்திக்கலாம். செலவும் இல்லை, சத்தமும் இல்லை."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பௌதிகமும் கொஞ்சம் சட்டமும் சேர்த்துப் பார்த்தால் இது விவசாயியையே கவிழ்த்துவிடும் யோசனை என்பது என் கருத்து. பன்றியைச் சுடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சுடுவது என்று முடிவெடுத்தால் எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு, யார் கை என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும் என்கிறேன்.

முதலில் துப்பாக்கி. 'பன்னிரண்டு போர்' என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கிப் பன்னிரண்டு சம உருண்டைகளாக ஊற்றினால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழாய்தான் பன்னிரண்டு போர். ஓர் உருண்டை கிட்டத்தட்ட 38 கிராம், குறுக்களவு 18.5 மில்லிமீட்டர். ஆக, ஊற்றிய ஈயக் குண்டு நேற்று வந்த யோசனை இல்லை. துப்பாக்கியின் அளவுகோலே அதிலிருந்து பிறந்ததுதான்.

இப்போது சின்ன ரைபிளைப் பாருங்கள். பாயிண்ட் 22 ரைபிளின் வழக்கமான குண்டு வெறும் 2.6 கிராம். குழாயை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் 150 முதல் 200 ஜூல் வரைதான். ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்குச் சட்டமே ஓர் அளவு வைத்திருக்கிறது. குண்டின் விட்டம் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 100 மீட்டர் தள்ளியும் 2000 ஜூல் ஆற்றல் மிச்சமிருக்க வேண்டும். பத்து மடங்கு வித்தியாசம்! அதிலும் வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் கேடயம் மாதிரி கெட்டியான தோல்படலம் வேறு இருக்கும். அதில் சின்னக் குண்டைப் போட்டால் பன்றி சாகாது, காயத்தோடு ஓடும். ஓடிப்போய்ப் பக்கத்துக் கரும்புக்குள் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் சோகை உரிக்கப் போகிற அக்காவுக்கு அது அங்கே இருப்பது எப்படித் தெரியும்?

"அப்போ குண்டைக் கொஞ்சம் வேகமாக அனுப்பினால் போச்சு" என்பீர்கள். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பத்தாம் வகுப்பிலேயே படித்ததுதானே? உண்மைதான். சிக்கல் ஈயத்தில் இருக்கிறது. ரைபிள் குழாயின் உள்ளே திருகுபோல் பள்ளங்கள் ஓடும். குண்டு அவற்றைக் கவ்விக்கொண்டு சுழன்று வெளியே வந்தால்தான் நேராகப் போகும். ஈயம் மெத்தென்ற உலோகம். வேகம் கூடினால் பள்ளங்களில் வழிந்து அப்பிக்கொள்ளும். நாலு தடவை சுட்டால் குறி எங்கேயோ போகும். வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து இறுக்கலாம். ஆனால் ரொம்ப இறுகினால் குண்டு உள்ளே போய் விரியாது, ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஊற்றிய குண்டு போடும் வெளிநாட்டுக்காரர்கள் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, அட்டை இலக்குக்கோ முயல் போன்ற சின்ன வேட்டைக்கோ வைத்துக்கொள்கிறார்கள். (நம் ஊரில் முயல் நினைப்பே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது!) சுருக்கமாகச் சொன்னால், சின்னக் குழாயும் ஊற்றிய குண்டும் சேர்ந்தால் மெதுவாகச் சுட்டால் வலு போதாது, வேகமாகச் சுட்டால் குறி நிற்காது.

இரண்டாவது, ஈயம். 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் விறகடுப்பே போதும் என்று நினைக்கிறார்கள். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பதையும் சாதாரணமாகப் பேசுகிறார்கள். ஈயத் தூள் கையிலும் துணியிலும் ஒட்டி வீட்டுக்குள் வரும். அது முதலில் பாதிப்பது தவழ்கிற குழந்தையின் மூளையை. இரத்தத்தில் இந்த அளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டோடு முடிவதும் இல்லை. நம் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இரையை அரைப்பதற்காகச் சின்னக் கற்களை விழுங்குவது வாத்துகளின் பழக்கம். ஏரிச் சேற்றில் கிடக்கும் ஈயச் சன்னத்தைக் கல் என்று நினைத்து விழுங்கினால் நஞ்சேறிச் சாகும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் நீர்நிலைகளில் ஈயச் சன்னத்தைத் தடை செய்தது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

துப்பாக்கியை நம் வசதிக்கு மாற்றிக்கொள்கிற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும், மாற்றி அமைப்பதும், குழாயை வெட்டிக் குட்டையாக்குவதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஒரு போகம் மக்காச்சோளத்துக்காக ஏழு வருஷமா?

சரி, விவசாயி என்னதான் செய்வது? இங்கேதான் அரசாங்கத்தின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. வழி அடைபட்டால் மனிதன் குறுக்கு வழி தேடுவான். வேலியில் திருட்டு மின்சாரம், பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய் எல்லாம் அப்படி வந்தவைதான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன; இரண்டு குட்டிகள் அனாதையாக நின்றன. மின்வேலிக்குப் பன்றி எது, யானை எது, மாடு எது, மனுஷன் எது என்று தெரியாது. அந்த விதத்தில் பார்த்தால், பொறுப்பான கையில் இருக்கும் சரியான துப்பாக்கி எவ்வளவோ மேல்.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். நல்ல தொடக்கம்தான். ஆனால் வனத்துறை ஆட்கள் எத்தனை வயலுக்கு ராத்திரி காவல் இருக்க முடியும்? கேரளத்தில் 2022இல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டு அவர்கள் மூலம் சுட வைக்கிறார்கள். நாமும் இதை யோசிக்கலாமே?

மூன்றாவது கேள்வி யார் கை என்பது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. தடம் பார்க்கவும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பதுங்கவும், பொறுமையாகக் காத்திருக்கவும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த மக்கள். வேட்டையைத் தடுத்த சட்டம் அவர்கள் தொழிலை ஒரே நாளில் குற்றமாக்கியது. பதிலுக்கு வேறு தொழில் கொடுக்கவில்லை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவே 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போக வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விருப்பமுள்ள பெரியவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் அடையாள அட்டையும் கொடுத்து வனத்துறையோடு சேர்த்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். பன்றியை ஒரே குண்டில் வீழ்த்தும் வலுவுள்ள துப்பாக்கி மட்டுமே அனுமதிக்கப்பட வேண்டும், குறைந்தபட்ச அளவை எழுத்தில் வைக்க வேண்டும். நீர்நிலை ஓரங்களில் ஈயம் கூடாது. சுடுகிறவர் பெயரும் சுட்ட குண்டின் கணக்கும் பதிவேட்டில் இருக்க வேண்டும். பயிர் இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். இவ்வளவும் நடந்தால் அடுப்பில் ஈயம் உருக்கும் யோசனை தானாகவே போய்விடும். நடக்காவிட்டால் இப்போதைய கணக்குதான் தொடரும்: பன்றி பயிரைத் தின்னும், மின்வேலி யானையைத் தின்னும், வழக்கு விவசாயியைத் தின்னும்.