எந்தக் கம்பெனியின் ஒரிஜினல்?

பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தருகிறவர்களிடம் ஒரு வாசகம் இருக்கிறது: "ஷோரூமிலிருந்து இறங்கியபடி." பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தொடங்கி ஆனேக்கல், அத்திபெலே பக்கத்துத் தகரக் கொட்டகைப் பட்டறைகள் வரை பல ஆண்டுகளாக இதே மந்திரம்தான். பழைய பிக்கப் ஒன்று கையில் சிக்கினால் முதல் வேலை கிரைண்டரை எடுப்பது. தொட்டிக்கு மேலே ஆங்கிளில் அடித்த சட்டம், பக்கவாட்டில் வரிசையாகப் பற்றவைத்த கயிற்றுக் கொக்கிகள், கேபினுக்குக் கீழே தொங்கும் கருவிப்பெட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேன் வைக்கும் தாங்கி எல்லாம் அறுபட்டுக் கீழே விழும். கேட்டால், "அது கம்பெனி ஐட்டம் இல்லை சார், லோக்கல் வேலை" என்ற பதில் வரும். நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் பொருளைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு இதைவிடச் சுருக்கமான காரணம் கிடைக்காது. சுருக்கமாக இருப்பதால் சரியாகவும் இருக்கும் என்று பலர் நம்பிவிட்டார்கள்.

இந்த வாதம் முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஆலையின் வாசலைத் தாண்டிய நொடியில் வண்டி முழுமை பெற்றுவிட்டது, அதற்குப் பிறகு அதில் ஏறியதெல்லாம் அழுக்கு என்பதே அது. சலூன் காருக்கு அது பொருந்தினாலும் பொருந்தலாம். இந்தியச் சுமை வண்டிக்குக் கொஞ்சமும் பொருந்தாது. இந்த நாட்டில் லாரி வாங்கியவர் கம்பெனியிடமிருந்து வாங்கியது பெரும்பாலும் பாதி வண்டியைத்தான். சேசிஸ், எஞ்சின், சக்கரங்கள், முன்னால் ஒரு மூக்கு, அவ்வளவே. கேபின்கூட இல்லாத அந்த எலும்புக்கூட்டில் பலகைப் பெட்டியை இருக்கையாகக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிவந்த டிரைவர்களை நெடுஞ்சாலைகள் பல பத்தாண்டுகள் பார்த்திருக்கின்றன. ஓட்டிவந்து நிறுத்திய இடம் பாடி கட்டும் பட்டறை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம் லாரிக்கும் கரூர் பஸ் பாடிக்கும் பெயர் வாங்கியதற்கு இந்தப் பாதி வண்டிதான் காரணம். மீதிப் பாதியைச் செய்தவர்கள் தச்சர்களும் கொல்லர்களும் டிங்கர்களும் பெயின்டர்களும். வெள்ளைக்காரன் காலத்திலும் கதை இதுதான். 1840 முதல் சென்னையில் கோச்சு வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனி, மோட்டார் யுகம் வந்ததும் சேசிஸ்களின் மேல் பாடி கட்ட ஆரம்பித்தது.

"அது லாரி, நாங்கள் சொல்வது பிக்கப்" என்று நழுவ முடியாது. ஆர்வலர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் வில்லிஸ் ஜீப் பிக்கப் 1947-ல் வந்தது. தொட்டியோடு ஒரு வகை, பக்கச் சட்டங்கள் நட்ட தட்டையான தளத்தோடு ஒரு வகை, கேபினோடு நின்றுவிட்ட சேசிஸ் ஒரு வகை, கேபினும் இல்லாத வெறும் சேசிஸ் ஒரு வகை என்று அந்தக் கம்பெனியே அதை நான்கு விதமாக விற்றது. கடைசி இரண்டு வகைகளில் பின்பாதியை வாங்கியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் இரண்டு ஆண்டு முன்னால், 1945-ல், விவசாயிகளுக்கென்று அவர்கள் கொண்டுவந்த சி.ஜே-2ஏ ஜீப்பில் எஞ்சின் சக்தியைப் பின்னால் எடுத்து வேறு கருவிகளை ஓட்டும் அமைப்பும் இழுவைச் சட்டமும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதாவது, எதையாவது பூட்டத்தான் வண்டியை விற்றார்கள். பூட்டிய பிறகு, பூட்டியது ஒரிஜினல் இல்லை என்று கழற்றுகிறோம். கம்பெனிக்கே இல்லாத கம்பெனி விசுவாசம் இது!

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வாதமே தலைகீழாகிவிடும். பிக்கப் என்ற வண்டி பிறந்ததே வீட்டுப் பட்டறையில்தான். ஃபோர்டு கம்பெனி 1908 முதல் மாடல் டி காரை விற்றது. அமெரிக்க விவசாயிகள் அதன் பின்பகுதியைக் கழற்றிவிட்டு மரப்பெட்டியை மாட்டிக்கொண்டார்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி பெல்ட் போட்டு மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். அந்தப் பெட்டிகளைப் பதினேழு ஆண்டுகள் வேடிக்கை பார்த்த பிறகு, 1925-ல்தான் ஃபோர்டு பிக்கப் பாடி வைத்த வண்டியை ஆலையிலேயே செய்து 281 டாலருக்கு விற்றது. ஆஸ்திரேலியாவில் அதே ஃபோர்டு கம்பெனியில் லூ பாண்ட் என்ற இளைஞர் 1934-ல் வடிவமைத்த 'யூட்' வண்டிக்கும் தூண்டுதல், ஞாயிறன்று கோயிலுக்குப் போகவும் திங்களன்று சந்தைக்குப் பன்றி கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி எழுதிய கடிதம். உபயோகிப்பவன் முதலில் செய்தான் அல்லது கேட்டான், கம்பெனி பிறகு பார்த்துச் செய்தது. ஷோரூம் மந்திரத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டுமென்றால் 1925-க்கு முந்தைய ஃபோர்டு பிக்கப் ஒவ்வொன்றிலிருந்தும் தொட்டியை அறுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்கு மட்டும் யாரும் கிரைண்டர் எடுப்பதில்லை.

நம் ஊரில் இந்த லோக்கல் வேலை ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்கும் சரித்திரக் காரணம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சிவ்ரியில் ஆலை போட்டு செவர்லே வண்டிகளைப் பூட்டி விற்றது. ஃபோர்டும் இங்கே கடை விரித்திருந்தது. பாகங்களை இறக்கிப் பூட்டினால் மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று 1953-ல் கொள்கை வந்ததும் இரண்டு கம்பெனிகளும் நடையைக் கட்டின. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. வண்டிகள் மட்டும் இங்கே தங்கிவிட்டன. உடைந்த கொக்கிக்கு டெட்ராய்ட்டுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க முடியாது, லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பஸ்களும் லாரிகளும் கரியை எரித்து வாயு எடுக்கும் உருளைகளைச் சுமந்துகொண்டு ஓடின. அப்படியொரு கரிவாயு உருளையோடு 1940-களின் செவர்லே பிக்கப் இன்று எங்காவது கிடைத்தால் இதே ஒரிஜினல் பக்தர்கள் அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூப்போடுவார்கள். கம்பெனி தராத பொருள், வண்டியின் தோற்றத்தையே கெடுத்த பொருள், ஆனாலும் வரலாறு! அதே வண்டியில் 1960-களில் ஒரு கொல்லர் அடித்த சட்டம் மட்டும் குப்பை. இருபது வருஷ வித்தியாசத்தில் வரலாறு குப்பையாகிவிடுகிறது என்றால் அவர்கள் பின்பற்றுவது கொள்கையில்லை, வெறும் ரசனை.

அந்தக் குப்பையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆனேக்கல்லில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தாலுகாவில் கருங்கல் உண்டு, ராகி உண்டு, பட்டு உண்டு, எல்லை தாண்டினால் ஓசூரின் பூவும் காய்கறியும் உண்டு. ஒவ்வொன்றும் வண்டியிடம் ஒவ்வொன்று கேட்கிறது. கல் ஏற்றிய வண்டிக்குக் கமான் பட்டையில் கூடுதல் பட்டை இருக்கும், தொட்டியின் தரையில் கனத்த தகடு இருக்கும், பக்கப்பலகை தாழ்ந்திருக்கும். ராகித்தாள் ஏற்றிய வண்டிக்குக் கேபினைத் தாண்டி உயர்ந்த சட்டமும் அதைச் சுற்றிக் கயிறு இழுக்கக் கீழே நெருக்கமாகக் கொக்கிகளும் வேண்டும். பட்டுக்கூடு ஏற்றி ராமநகரச் சந்தைக்குப் போன வண்டிக்குக் காற்றுப் புகும் தட்டுச்சட்டம் வேண்டும், ஏனென்றால் அடைத்து ஏற்றினால் உள்ளே புழு வெந்து கூடு கறைபட்டு விலை விழும். தொப்பூர்க் கணவாய் ஏறி இறங்கிய வண்டிக்குத் தண்ணீர் கேன் தாங்கி இல்லாமல் முடியாது. இதையெல்லாம் அறுத்துவிட்டு, ஓட்டை அடைத்து, பட்டி பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தினால் மிஞ்சுவது என்ன? அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்தோ மும்பையிலிருந்தோ வந்த ஆயிரக்கணக்கான ஒரே மாதிரி வண்டிகளில் இன்னொன்று. அதைப் பார்க்க ஆனேக்கல் வரை யாரும் வர வேண்டியதில்லை.

இதில் எரிச்சலூட்டும் வேடிக்கை ஒன்றும் உண்டு. இங்கே அடித்த சட்டத்தை லோக்கல் என்று எறிந்துவிட்டு, வெளிநாட்டுக் கேட்லாக்கைப் புரட்டி, முன்கண்ணாடிக்கு மேல் மாட்டும் வெயில்மறைப்பும் பக்கவாட்டு ஸ்பாட் லைட்டும் வரவழைத்துப் பொருத்துகிறார்கள். அந்த வண்டி ஓடிய காலம் முழுவதும் அதில் இல்லாதவை அவை. பெரும்பாலும் சமீபத்தில் வார்த்த நகல்கள்தான். ஆனாலும் அவற்றுக்கு 'பீரியட் ஆக்சஸரி' என்று மரியாதை. பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சடித்து வந்தால் ஒரிஜினல், கண்ணெதிரே உலையில் காய்ச்சி அடித்தால் ஒட்டுவேலை.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது அடுத்த உத்தி. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வகுத்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், வணிகப் பயன்பாடு கூடாது, மூல வடிவத்தில் பராமரித்திருக்க வேண்டும். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி, நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். 'மூல வடிவம்' என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு கொக்கி வரை அறுக்கிறார்கள். அதே விதி எதைக் குறிப்பிட்டுத் தடுக்கிறது என்று அடுத்த வரியைப் படிப்பதில்லை. சேசிஸ், பாடியின் கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதுதான் அது. போல்ட் போட்டு மாட்டிய கருவிப்பெட்டி இதில் எதற்குள் வருகிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் பதிவுச் சான்றின் விவரங்கள் முரண்படும்படி வண்டியை மாற்றாதே என்கிறது. கயிற்றுக் கொக்கிக்குப் பதிவுச் சான்றில் கட்டம் கிடையாது. எடை கூடுகிறதே என்பவர்கள், நசுங்கலை மறைக்கத் தாங்கள் அப்பும் பட்டியை ஒருமுறை தராசில் வைத்துப் பார்க்கலாம். பம்பருக்கு முன்னால் நீட்டிய குழாய்க் காவலை மட்டும் விட்டுக்கொடுத்துவிடலாம். 2017 டிசம்பரிலேயே சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கழற்றிக் கொட்டகையில் வைக்கட்டும். சாலையில் கூடாது என்பதும் உருக்கிவிட வேண்டும் என்பதும் ஒன்றல்ல. உண்மையில் அந்த விண்டேஜ் விதி, சுமை தூக்கிப் பிழைத்த வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. கண்காட்சி, பேரணி, ஆய்வு என்று அது அனுமதிக்கும் காரியங்கள் எதிலும் மூட்டை கிடையாது. மூட்டை ஏற்ற முடியாத வண்டியில், ஒருகாலத்தில் மூட்டை ஏற்றியதற்கான சாட்சியாவது மிஞ்ச வேண்டாமா?

உலக வழக்கம் இதுதான் என்று சொல்பவர்கள் உலகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. பழங்கட்டிடங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஒரே காலத்துப் பாணியை மீட்பது புதுப்பித்தலின் நோக்கமல்ல, ஒவ்வொரு காலமும் சேர்த்த நியாயமான பங்கை மதிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. பழைய வண்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 2013-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த டூரின் சாசனம் இன்னும் நேராகவே பேசுகிறது: வண்டியின் வாழ்நாளில் நேர்ந்த, வரலாற்றில் இடம்பெற்ற மாற்றங்கள் அதன் சரித்திரத்துக்குச் சாட்சி, அவற்றைக் காக்க வேண்டும், உற்பத்தியான நாளில் இருந்ததுபோல் வண்டி தோன்ற வேண்டிய அவசியமில்லை. ஷோரூமிலிருந்து இறங்கியபடி என்ற மந்திரத்தை அந்தச் சாசனம் யாருக்கும் கட்டாயமாக்கவில்லை.

மற்ற ஆட்சேபங்கள் சில்லறை. அசிங்கமாக இருக்கிறது என்கிறார்கள். பிக்கப் எப்போது அழகுப் போட்டிக்குப் போயிற்று? பாதுகாப்பில்லை என்கிறார்கள், பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் வயரிங்கையும் தாராளமாகப் புதிதாக்கட்டும், சேசிஸில் விரிசல் விட்ட பற்றவைப்பை வெட்டி எடுக்கட்டும், அதில் யாருக்கும் தகராறு இல்லை, தார்ப்பாய்க் கொக்கி மேல் அந்தப் பழியைப் போட வேண்டாம். ஆங்கிளுக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கித் துருப்பிடிக்கிறது என்பது உண்மைதான். அதற்கு மருந்து கழற்றித் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துத் திரும்ப மாட்டுவது. விலை போகாது என்பது ஒன்றே நேர்மையான காரணம், ஆனால் அதைச் சொல்பவர் விற்பனையாளராகவே பேச வேண்டும், பாரம்பரியக் காவலர் வேஷம் கூடாது. அப்படியானால் போன வருஷம் மாட்டிய எல்.இ.டி. சரத்தையும் வைத்துக்கொள்வதா என்று கேட்டு மடக்கியதாக நினைக்கிறார்கள். வேண்டாம். வண்டி உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த உழைப்புக்காக மாட்டி, இன்றும் வேலை செய்வது இருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம்.

ஆகவே ஆனேக்கல், ஜிகணி, சந்தாபுரா பக்கத்தில் பழைய பிக்கப்பைக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டறைக்கு அனுப்பும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அதை ஓட்டிய டிரைவர் உயிரோடு இருந்தால், எந்தக் கொக்கி எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போல்ட் போட்டதைக் கழற்றினால் சீட்டுக் கட்டி ஒரு சாக்கில் போட்டு வண்டியோடேயே வையுங்கள், பற்றவைத்ததை உங்களைக் கேட்காமல் அறுக்கக் கூடாது என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.